கொலைக்குக் காலக்கெடு உண்டா?

கேப்காம் நிறுவனம் 2001இல் ஜப்பானில் வெளியிட்ட 'ஏஸ் அட்டர்னி' துப்பறியும் விளையாட்டின் நான்காம் வழக்கு என்னைச் சட்டம் படிக்க வைத்தது. நீதிமன்ற மின்தூக்கியில் ஒரு வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொலையாளி சிக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கெடு முடியும் தறுவாயில் அவ்வழக்கை மீண்டும் கிளறுகிறோம். குற்றவாளியின் தோளிலேயே புதைந்திருந்த தோட்டா அவனைக் காட்டிக் கொடுக்கிறது.

அந்தக் கெடு கற்பனையன்று. அன்றைய ஜப்பானியச் சட்டப்படி 15 ஆண்டுகள் கடந்தால் கொலையாளி மீது வழக்குத் தொடர இயலாது. 2005இல் அதை 25 ஆண்டுகளாக்கினர். கொலையுண்டோரின் குடும்பத்தார் விடாது போராடினர். 2010இல் கெடு அறவே நீங்கியது. ஆனால், அதற்குள் கெடு முடிந்துவிட்ட வழக்குகளுக்கு அச்சட்டம் பொருந்தாது. விளையாட்டில் தப்பாத கொலையாளி, வாழ்க்கையில் தப்பியிருக்கிறான். தாமதித்த சட்டத்தின் விலை அதுவே.