லேப்டாப்புக்குத் தெரியாத போன்

புக்கிட் பெருந்துங்கில் செயலி எழுதப் பழகும் தங்கைக்கு,

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைப் பதிந்து, முதல் செயலியை எழுதி, பச்சை முக்கோணப் பொத்தானை அமுக்கப் போகும் நேரத்தில்தான் பலருக்கும் அந்தச் சங்கடம் வருகிறது. போன் கேபிளில் கிடக்கிறது, சார்ஜும் ஏறுகிறது. மேலே உள்ள பட்டியலில் மட்டும் ‘நோ டிவைசஸ்’ என்றே இருக்கிறது. நிரலில் பிழை இருந்தால் எந்த வரி என்று மென்பொருளே சிவப்பில் காட்டிக்கொடுக்கும். இங்கே எந்த வரியும் சிவக்காது. உடனே ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பதி, விண்டோஸை மாற்று, போனை ஃபேக்டரி ரீசெட் செய். பல ஜிகாபைட் டேட்டா தீர்ந்துபோகும். போன் பட்டியலில் வந்திருக்காது.

இந்த வேலையில் தேறியவர்கள் இவ்வளவு அவசரப்படுவதில்லை. போனுக்கும் மென்பொருளுக்கும் நடுவே கேபிள், போனின் அமைப்புகள், அனுமதி, கணினியின் டிரைவர், இவற்றை ஒட்டவைக்கும் ‘ஏடிபி’ என்னும் சிறு நிரல் என ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்க்கிறார்கள். அந்த ஒன்றில் மட்டும் கைவைக்கிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, கணினித் திரையிலேயே ஓடும் எமுலேட்டர் போதாதா என்று நீ கேட்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும் என்கிறது கூகுள்; எமுலேட்டரும் சேர்ந்து ஓட 16 ஜிபி. ராசா, பத்தாங் காலி, புக்கிட் தாகார் சுற்றுவட்டாரத்தில் அண்ணனோ அக்காவோ படித்துவிட்டுக் கொடுத்த மடிக்கணினியில் பழகும் பிள்ளைக்கு அது எட்டாக் கணக்கு. அந்த வீட்டில் எமுலேட்டரைவிட நல்ல சோதனைக் கருவி, கையில் இருக்கும் போன்தான்.

நிஜப் போனில்தான் நிஜமான குறைகளும் தெரியும். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியானது. கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்த செயலி அது. அன்றைய பட்டன் போன்களில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு திரை அளவு, ஒரு விசை அமைப்பு. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் தமிழ் எழுத்து வெறும் கட்டங்களாகவே தெரிந்தது. கொம்பும் காலும் பிரிந்து நிற்பதை உள்ளபடி காட்டக்கூடியது அந்தந்தப் போனின் திரை மட்டுமே.

இனி கேபிள். பழைய யூஎஸ்பி கேபிளை உரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு. பசார் மாலாம் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் கேபிள்களில் பின்னிரண்டும் இல்லாதவை உண்டு. அவற்றில் சார்ஜ் ஏறும், ஒரு படத்தைக்கூட மாற்ற முடியாது. ஆகவே முதல் சோதனைக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே தேவையில்லை: அதே கேபிளில் போனிலிருந்து ஒரு படத்தை மடிக்கணினிக்கு நகலெடுத்துப் பார். அதற்குமுன் போனின் அறிவிப்புப் பட்டியில் ‘சார்ஜ் மட்டும்’ என்று இருப்பதை ‘கோப்பு மாற்றம்’ என்று மாற்றிக்கொள். படம் வந்துவிட்டால் கேபிளும் துளையும் குற்றமற்றவை. வராவிட்டால் வேறு கேபிள், வேறு துளை. நடுவில் யூஎஸ்பி ஹப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகு. ராசாவில் கொம்யூட்டர் ரயில் ஏறி கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்குப் போய்ப் பணம் செலவழிக்குமுன் பக்கத்து வீட்டுக் கேபிளைக் கடன் கேட்பது மேல்.

அடுத்தது போனின் அமைப்புகள். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் மென்பொருள் எழுதுபவருக்கான ‘டெவலப்பர்’ பட்டியலைப் போன் மறைத்தே வைத்திருக்கிறது. ‘போனைப் பற்றி’ என்ற பகுதியில் பில்ட் எண்ணை 7 முறை தட்டினால்தான் அது வெளியே வரும். சாம்சங்கில் அந்த எண் ‘மென்பொருள் தகவல்’ என்ற உள்பக்கத்தில் இருக்கிறது. போன் மலாய் மொழியில் இருந்தால் ‘நொம்போர் பினாஆன்’, ‘பிலிஹான் பெம்பாங்குன்’ என்ற பெயர்களைத் தேடு. பட்டியல் திறந்ததும் அதில் உள்ள ‘யூஎஸ்பி டிபக்கிங்’ என்ற விசையை இயக்க வேண்டும். பட்டியலைத் திறந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து இங்கேயே நின்றுபோகிறவர்கள் நிறைய.

சில நிறுவனங்கள் மேலும் ஒரு பூட்டுப் போடுகின்றன. ஷியாவ்மி போன்களில் ‘யூஎஸ்பி வழி நிறுவு’ என்று தனி விசை உண்டு. நிறுவனக் கணக்கில் உள்நுழையாமல் அதை இயக்க முடியாது. சாம்சங் 2023இல் ஒன் யூஐ 6 உடன் ‘ஆட்டோ பிளாக்கர்’ என்ற காவலைக் கொண்டுவந்தது. அது விழித்திருந்தால் கேபிள் வழியாக வரும் கட்டளைகளை ஏற்காது. புதிய சாம்சங் போன் காரணமே சொல்லாமல் முரண்டு பிடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாவது கட்டம் அனுமதி. டிபக்கிங் இயங்கும் போனைப் புதிய கணினியில் செருகினால், நீண்ட எண்வரிசையோடு ‘இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?’ என்று திரையில் ஒரு கேள்வி எழும். திரை பூட்டியிருந்தால் அந்தக் கேள்வி கண்ணில் படாமலே போகும். போனைத் திறந்து வைத்துக்கொண்டு செருகு. கைதவறி மறுத்துவிட்டால் அதே பட்டியலில் டிபக்கிங் அனுமதிகளை ரத்து செய்துவிட்டு மறுபடி செருகினால் கேள்வி திரும்ப வரும். ஆண்ட்ராய்டு 11 முதல் இன்னொரு விதியும் உண்டு: 7 நாள் இணைக்காத கணினியின் அனுமதி தானாகக் காலாவதியாகிவிடும். தேர்வுக்காக ஒரு வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்து, ‘போன வாரம் வேலை செய்ததே’ என்று திகைப்பவருக்குப் பதில் அதில் இருக்கிறது.

போன் இத்தனை சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு. 2011இல் லாஸ் வேகாசில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் இலவச சார்ஜிங் மேடை ஒன்றை வைத்தார்கள். போனைச் செருகியவருக்குத் திரையில் எச்சரிக்கை வந்தது: தெரியாத துளையில் செருகினால் உள்ளே இருப்பதை யாரும் எடுக்கலாம். 2013இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ‘மேக்டன்ஸ்’ என்ற சார்ஜரைக் காட்டினார்கள். சாதாரண சார்ஜர் செய்கிற வேலைதான் செய்வதுபோல் இருக்கும். ஐபோனைச் செருகிய ஒரு நிமிடத்துக்குள் தீய செயலியை ஏற்றிவிடும். அதே ஆண்டு ஐஓஎஸ் 7இல் ‘இந்தக் கணினியை நம்பலாமா?’ என்ற கேள்வி வந்தது. ஆண்ட்ராய்டின் அனுமதிக் கேள்வியும் 2013இல் வெளியான 4.2.2 பதிப்பில் நுழைந்ததுதான். உன்னை எரிச்சலூட்டும் அந்தப் பெட்டி, பேருந்து நிலையத்தில் யாரோ ஒருவரின் போனைக் காப்பாற்றுகிற பெட்டி.

போனின் பக்கம் சரியாகிவிட்டால் கணினியின் பக்கம். இங்கே ஊகத்துக்கு வேலையில்லை, கேட்டால் சொல்லிவிடும். முனையச் சாளரத்தில் ‘ஏடிபி டிவைசஸ்’ என்று கட்டளை கொடு. வரும் பதிலில் நோய் எதுவென்று எழுதியிருக்கும். பட்டியல் வெறுமையாக இருந்தால் கேபிள், டிபக்கிங் அமைப்பு, டிரைவர் இம்மூன்றில் ஒன்று. ‘அன்ஆத்தரைஸ்டு’ என்றால் போன் திரையில் கேள்வி காத்திருக்கிறது. ‘ஆஃப்லைன்’ என்றால் போன் தெரிகிறது, பதில் சொல்லவில்லை. கழற்றிச் செருகு, அல்லது போனை அணைத்துப் போடு. ‘நோ பெர்மிஷன்ஸ்’ என்பது லினக்ஸில் வரும். பயனரைப் ‘பிளக்டெவ்’ குழுவில் சேர்த்து யூடெவ் விதிகளைப் பதிய வேண்டும். போனின் எண்ணுக்கு எதிரே ‘டிவைஸ்’ என்று வந்தால் இணைப்பு கூடிவிட்டது.

டிரைவர் தொல்லை பெரும்பாலும் விண்டோஸுக்கு உரியது. டிவைஸ் மேனேஜரில் போனின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் இருந்தால் அந்தப் போன் நிறுவனத்தின் டிரைவரைப் பதிய வேண்டும்; கூகுளின் சொந்தப் போன்களுக்குக் கூகுள் யூஎஸ்பி டிரைவர். மேக் கணினிக்குத் தனி டிரைவர் தேவையில்லை.

கடைசிக் கட்டமான ஏடிபியில் ஒரு நூதனமான சிக்கல் உண்டு. கணினிக்குள் 5037 என்ற துறையில் (போர்ட்) ஏடிபியின் சர்வர் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். போன் திரையைக் கணினியில் காட்டும் மென்பொருள்கள் சில, தங்களுக்கென்று வேறொரு பதிப்பு ஏடிபியைக் கூடவே கொண்டுவருகின்றன. இரண்டும் ஒன்றையொன்று நிறுத்திக்கொண்டே இருந்தால் போன் தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். அந்த மென்பொருளை மூடிவிட்டு ‘ஏடிபி கில்-சர்வர்’, பிறகு ‘ஏடிபி ஸ்டார்ட்-சர்வர்’ கொடுத்தால் அமைதியாகும்.

கேபிளே வேண்டாம் என்றால் 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழி டிபக்கிங் இருக்கிறது. கியூஆர் குறியீடோ 6 இலக்க எண்ணோ கொடுத்து இணைக்கலாம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆப் இன்வென்டரும் ஏறக்குறைய இதே போக்குதான்: உலாவியில் கட்டைகளை அடுக்கி, போனில் உள்ள கம்பேனியன் செயலியில் 6 எழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் நிரல் உடனே ஓடும். இரண்டுக்கும் போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஒரே வைஃபையில் இருந்தும் இணையாத இடங்கள் உண்டு. கல்லூரி விடுதி, உணவகம் போன்றவற்றின் வைஃபை பல நேரம் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்கவிடாமல் பிரித்து வைக்கிறது. மூன்றாவது ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

ஐபோன் வைத்திருக்கும் தோழிக்கு ஒரு வரி: ஐபோன் செயலி எழுத உதவும் எக்ஸ்கோட் மேக்கில் மட்டுமே ஓடும், 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் டெவலப்பர் மோடைத் தனியாக இயக்க வேண்டும், கட்டணம் கட்டாத கணக்கில் ஏற்றிய செயலி 7 நாளில் காலாவதியாகும்.

இவ்வளவும் பார்த்தும் தீராவிட்டால் அனுபவப்பட்டவரிடம் கேட்பதில் தப்பில்லை. ‘என் போன் கனெக்ட் ஆகமாட்டேங்குது’ என்று மட்டும் சொன்னால் அவரும் மறுபடி பதியச் சொல்வார். போனின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, கணினி எது, படம் நகலானதா, ஏடிபி சொன்ன சொல் என்ன என்று எழுதிக் கேள். பாதி நேரம், எழுதி முடிக்குமுன்பே விடை கிடைத்துவிடும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்று. நான்கை ஒன்றாக மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று அடுத்த முறை தெரியாது.

இணைந்த பிறகும் ஒரு கடமை இருக்கிறது. 2018 பிப்ரவரியில் ‘ஏடிபி மைனர்’ என்ற புழு, ஏடிபிக்கான 5555 துறையைத் திறந்தே வைத்திருந்த ஆண்ட்ராய்டு போன்களிலும் டிவி பெட்டிகளிலும் புகுந்து, பெரும்பாலும் சீனாவிலும் தென்கொரியாவிலும், உரியவருக்குத் தெரியாமலே மின்நாணயம் தோண்டியது. திறந்த கதவு வேறு எதற்கும் பயன்படும். மலேசியாவில் போலி ஏபிகே கோப்புகளைப் பதியவைத்து வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பெருகியதால், வங்கிச் செயலிகள் சில, டெவலப்பர் பட்டியல் திறந்திருக்கும் போனில் இயங்க மறுக்கின்றன. சொந்தப் போன் இல்லாமல் அப்பாவின் போனில் சோதிக்கிறாய் என்றால் இதை மறந்துவிடாதே: வேலை முடிந்ததும் யூஎஸ்பி டிபக்கிங்கை அணை, அனுமதிகளை ரத்து செய், டெவலப்பர் பட்டியலையும் மூடிவிட்டு, அவருடைய வங்கிச் செயலி திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடு.