நிரலால் இயங்கும் அமெச்சூர் வானொலிக் கருவி: நிரல் செய்வதும் செய்ய இயலாததும்

அமெச்சூர் வானொலியில் நாட்டமுள்ள மாணாக்கர் இந்நாளில் ஆசிரியரிடம் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. கணிப்பொறி நிரலை மாற்றி எழுதினாலே ஒரு வானொலிக் கருவியின் தன்மை மாறிவிடுமாயின், படிகங்களும் கம்பிச் சுருள்களும் இன்னும் எதற்கு? வினா நியாயமானதே. இதற்கு விடை காண ஏற்றதொரு கருவி நம் நாட்டிலேயே உருவாகியிருப்பதால், அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பாடத்தைத் தொடங்குவோம்.

செய்தியை அனுப்பவும் வாங்கவும் ஒருங்கே பயன்படும் கருவிக்கு டிரான்ஸீவர் என்று பெயர். ஹைதராபாதைச் சேர்ந்த அமெச்சூர் அஷ்ஹர் ஃபர்ஹான் என்பவர் 2003-இல் பிட்எக்ஸ் என்னும் டிரான்ஸீவரின் அமைப்பை வெளியிட்டார். சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய்களில் இடும் நைலான் வாஷரே போதும் என்று அவர் காட்டியது பலருக்குத் துணிவளித்தது. 2017-இல் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் மைக்ரோபிட்எக்ஸ் வந்தது. 2020-களின் தொடக்கத்தில் வந்த எஸ்பிட்எக்ஸில், ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி கருவியின் உள்ளேயே அமர்ந்து, முன்னர்ச் சுற்றுகள் செய்துவந்த பணிகளுட் பலவற்றை ஏற்றுக்கொண்டது. அதன் சுற்று வரைபடமும் நிரலும் யாவரும் பயிலத் திறந்தே வைக்கப்பட்டுள்ளன.

அதனுள் அலை செல்லும் வழி யாது? 7,100 கிலோஹெர்ட்ஸில் ஒரு நிலையத்தைக் கேட்க விரும்புகிறோம் எனக் கொள்வோம். கருவியிலுள்ள முதல் அலையியற்றி 47,111 கிலோஹெர்ட்ஸில் அதிர்கின்றது. இரண்டும் கலப்பியிற் சேரும்போது அவற்றின் வேறுபாடாகிய 40,011 கிலோஹெர்ட்ஸ் தோன்றுகிறது. இவ்வலை, ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திற்கு மட்டுமே வழிவிடும் படிக வடிகட்டியைக் கடந்து, 40,035 கிலோஹெர்ட்ஸில் அதிரும் இரண்டாம் அலையியற்றியுடன் கலக்கின்றது. இப்போது எஞ்சும் வேறுபாடு 24 கிலோஹெர்ட்ஸ். இதனை ஒலிச் சில்லு ஒன்று நொடிக்கு 96,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. இவ்விடத்திற்றான் நிரலின் ஆட்சி தொடங்குகிறது.

இந்த எல்லைக்கு முன்னே நிகழ்ந்த பிழையை, எல்லைக்குப் பின்னே நிற்கும் நிரல் திருத்த மாட்டாது. பாடத்தின் கருப்பொருள் இதுவே. இதனை வகுப்பிலே விளக்கச் சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். கண்ணை மூடிக்கொண்டிருந்து, 55 நொடிக்கு ஒருமுறை மட்டும் திறந்து நொடிமுள்ளைப் பார்க்குமாறு மாணாக்கர் ஒருவரிடம் சொல்லுக. முள் ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி பின்னோக்கி நகர்வதாகவே அவர் கூறுவார். முள்ளில் தவறில்லை, பார்வையின் இடைவெளியே பொய்த்தோற்றத்தை விளைத்தது. அவ்வாறே, நொடிக்கு 96,000 முறை அளக்குமிடத்தில் 60 கிலோஹெர்ட்ஸ் அலை நுழைந்தால் அது 36 கிலோஹெர்ட்ஸ் அலையாகவே பதிவாகும். பதிவான பின்னர், உண்மையான 36 எது, வேடம் பூண்ட 60 எது என்று பிரித்தறிய எந்தக் கணக்காலும் இயலாது. அளவெடுக்கும் முன்பே தேவையற்ற அலையைத் தடுத்தாக வேண்டும்.

படிக வடிகட்டி நிற்கும் காரணமும் இதனை ஒத்ததே. இரண்டாம் கலப்பியில் 40,011-ம் 24-ஐத் தரும். 40,059-ம் 24-ஐத் தரும். முன்னதை விட்டுப் பின்னதைத் தடுப்பது படிகத்தின் கடமை. முதற் கலப்பியிலும் இத்தகைய இரட்டை உண்டு. 14,150 கிலோஹெர்ட்ஸைக் கேட்க முதல் அலையியற்றி 54,161-இல் அதிரும். அப்போது 94,172 கிலோஹெர்ட்ஸில் வரும் அலையும் அதே 40,011-ஐத் தரும். அஃதோ பண்பலை ஒலிபரப்பின் பகுதி. நகரத்தில் வாழ்வோர் கருவியின் வாயிலில் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைத் தடுக்கும் சுருள்களை அலட்சியமாகச் சுற்றினால், அமெச்சூர் பட்டையில் திரைப்பாடல் கேட்க நேரிடும்!

வான்கம்பியில் வரும் அலையை நேரே எண்ணாக்கும் கருவிகளில் இத்தொல்லை இராதே என்று சிலர் கூறுவர். ஹெர்மிஸ்-லைட் என்னும் திறந்த அமைப்பு நொடிக்கு 7 கோடியே 68 இலட்சம் முறை, 12 பிட் நுட்பத்தில் அளக்கின்றது. கலப்பிகள் மறைகின்றன என்பது உண்மையே. ஆயினும் 12 பிட்டுக்கு 4,096 படிகளே உண்டு. 7,200 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிபரப்பு நிலையங்களின் பட்டை உள்ளது. அவற்றுள் வலிய நிலையமொன்று படிகள் அனைத்தையும் நிரப்பி உச்சியை வெட்டிவிடுமாயின், மெல்லிய குரல் அத்துடன் சிதைந்துபோம். ஆதலின் அங்கும் வாயிலில் வடிகட்டி வேண்டுவதாயிற்று.

இனி, நிரல் திறம்படச் செய்வன யாவை என்று காண்போம். எண்களை 2,048 கொண்ட தொகுதிகளாக எடுத்து ஃபூரியே முறையாற் பகுத்தால், ஒவ்வொன்றும் 46.875 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அறைகள் கிட்டும். பேச்சுக்கு 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். இதற்கு ஏறத்தாழ 58 அறைகள் போதும். ஏனைய அறைகளிற் சுழியை இட்டு மீண்டும் ஒலியாக்கினால் வடிகட்டல் முடிந்தது. மோர்ஸ் கேட்பதற்கு 500 ஹெர்ட்ஸ் போதுமெனில் 11 அறைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முற்காலத்தில் இம்மாற்றத்திற்கு ஒத்த படிகங்களைத் தேடி, ஒவ்வொன்றாக அளந்து, புதிய வடிகட்டியே கட்ட வேண்டியிருந்தது. இன்று இரண்டு எண்களை மாற்றினாற் போதும். ஓரங்களை மட்டும் வெட்டினாற்போல் நிறுத்தலாகாது. நிறுத்தினால் மோர்ஸ் ஒலிக்குப் பின்னே மணியின் நீட்சி போன்றதோர் ஓசை தொடரும். ஓர அறைகளின் மதிப்பைப் படிப்படியாகக் குறைத்தல் நன்று.

மேற்பக்கப்பட்டை, கீழ்ப்பக்கப்பட்டை என்னும் தேர்வும் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அறைகளை எடுப்பதா, கீழுள்ளவற்றை எடுப்பதா என்பதேயாகும். கேட்கும்போது இதில் நேரும் பிழையால் குரல் விளங்காமற் போகுமே தவிர எவருக்கும் தீங்கில்லை. அனுப்பும்போது நிலைமை வேறு. இந்தியாவில் அமெச்சூர்களுக்குரிய பட்டை 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ளது. 7,198-இல் கீழ்ப்பக்கப்பட்டையிற் பேசுவோரின் குரல் 7,195 வரை இறங்கி எல்லைக்குள்ளேயே அடங்கும். நிரலில் ஒரே ஒரு குறி மாறிவிட்டால் அதே குரல் 7,201 வரை ஏறி ஒலிபரப்புப் பட்டையினுள் விழும். கருவியின் முகப்பில் தெரியும் எண்ணோ 7,198 என்றே இருக்கும். இயக்குபவர் தவற்றை அறியவே மாட்டார்.

மின்திறன் பெருக்கியில் மற்றோர் இடர் உண்டு. 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கும் டிரான்ஸிஸ்டர்கள் 14.2, 21.3 என்னும் மடங்கு அலைகளையும் உடன் பிறப்பிக்கும். அமெரிக்க அமெச்சூர் விதிகளின்படி, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் இயங்கும் புதிய கருவிகளில் இத்தகைய அலை முதல் அலையைவிட 43 டெசிபெல் தாழ்ந்திருத்தல் வேண்டும். அதாவது 20,000-இல் ஒரு பங்கு. 10 வாட்டுக்கு அரை மில்லிவாட். இதைச் சாதிப்பன பெருக்கிக்கும் வான்கம்பிக்கும் இடையே உள்ள சுருள்களும் மின்தேக்கிகளுமே. வடிகட்டியின் நுழைவாயிலும் வெளிவாயிலும் ஒரே ரிலேயின் அடுத்தடுத்த முனைகளில் இணைக்கப்பட்டால், அலை வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு கசிந்துவிடும். நிரலை எத்துணை முறை திருத்தினும் இக்கசிவு நிற்காது. கம்பிகளின் இடத்தை மாற்றுவதே மருந்து.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கி அந்தமான் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு பெரிதும் அறுந்த வேளையில், போர்ட் பிளேயரில் இருந்த அமெச்சூர் குழுவினர் நலச் செய்திகளை நாட்டின் பெருநிலப் பகுதிக்கு அனுப்பினர். அத்தகைய நாளில் மெல்லிய குரல் ஒன்றின் மேல் எவரோ ஒருவருடைய கருவியின் கசிவு வந்து விழுவதாக எண்ணிப் பார்க்க. அரை மில்லிவாட் என்னும் கணக்கின் பொருள் மாணாக்கர்க்கு விளங்கும்.

எனவே நிரலை மாற்றிய ஒவ்வொரு முறையும் வான்கம்பியைக் கழற்றிவிட்டு, போலிச்சுமையில் சோதித்தல் வேண்டும். 1,000 ஓம், 2 வாட் மின்தடைகள் இருபதைப் பக்க இணைப்பிற் சேர்த்தால் 50 ஓம் மதிப்புள்ள, 40 வாட் தாங்கும் சுமை கிடைக்கும். கம்பி சுற்றிய மின்தடைகள் தாமே சுருளாக இயங்குமாதலின் ஆகா. கார்பன் அல்லது உலோக ஆக்ஸைடு வகையே தகும். சுமையின் குறுக்கே, இந்த அழுத்தத்தைத் தாங்கும் டையோடும் சிறு மின்தேக்கியும் இணைத்து வோல்ட்மீட்டரால் அளந்தால், 10 வாட்டுக்கு ஏறத்தாழ 31 வோல்ட் காட்டும். அருகில் வேறொரு வாங்கியை வைத்து 7.1, 14.2, 21.3 ஆகிய மூன்றிடங்களிலும், அமைத்த எண்ணின் இருபுறத்திலும் கேட்டுப் பார்க்க. பக்கப்பட்டை பிறழ்ந்திருந்தால் அப்போதே வெளிப்படும். வான்கம்பியில் அலைபரப்புவதற்கு மத்திய அரசின் அமெச்சூர் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பள்ளியிலும் போலிச்சுமை வரையிலான பயிற்சியை, உரிமம் பெற்ற ஒருவரை உடன் வைத்துக்கொண்டு நடத்தலாம். வடிகட்டிப் பலகையின் மூடியைத் திறந்து, ரிலே முனைகளின் இணைப்பை மாணாக்கரே வரைந்துகாட்டும்படி செய்வது முதல் நாட் பணியாக அமையட்டும்.