இணையத்தில் கிடைக்கும் படம் யாருடையது?

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் கடைக்கு வருடாந்தக் கலண்டர் அடிக்க வேண்டியிருந்தது. மகன் கணினியில் தேடி, காலிக் கோட்டை வெளிச்சவீட்டின் அழகான படமொன்றை எடுத்துத் தந்தான். அச்சகத்தாரும் எதுவும் கேட்கவில்லை. ஆயிரம் பிரதிகள் அடித்து, அரைவாசியை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தும் விட்டோம். அதன் பிறகுதான் படம் எடுத்தவரிடமிருந்து கடிதம் வந்தது. தன் உறவினர் வீட்டுச் சுவரில் எங்கள் கலண்டரைக் கண்டிருக்கிறார். கோபமான வார்த்தை ஒன்றுமில்லை. "மூன்று நாள் விடியற்காலையில் போய் நின்று எடுத்த படம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தந்திருப்பேனே" என்று எழுதியிருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தராசில் ஒரு கிராம் குறையக்கூடாது என்று வேலையாட்களுக்குச் சொல்லுகின்ற நான், அடுத்தவர் பொருளைக் கேளாமல் எடுத்திருக்கிறேன். மிச்சக் கலண்டர்களை நிறுத்தி, அவர் கேட்ட தொகையைக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அந்தப் பாடத்தையே இவ்வாரம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையிலுள்ளது. ஒருவர் படம் எடுத்த நிமிடத்திலிருந்தே அதன் உரிமை அவருக்குரியது. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வாழும் காலமும், மரணத்தின் பின் 70 வருடங்களும் அந்த உரிமை நீடிக்கும். தெரிந்துகொண்டே மீறுவது தண்டனைக்குரிய குற்றமுமாகும். வெளிநாட்டவரின் படமென்றாலும் தப்ப முடியாது. இலங்கை 1959 முதல் பேர்ன் உடன்படிக்கையில் அங்கம் வகிக்கிறது.

"எல்லோரும் பார்க்கத்தானே போட்டிருக்கிறார்கள்" என்று சிலர் வாதிடலாம். நாமும் கடை வாசலில் சாமான்களை எல்லோரும் பார்க்கத்தான் அடுக்கி வைக்கிறோம். அதற்காக யாரும் தூக்கிக்கொண்டு போகலாமா?

அனுமதிக் குறிப்பை வாசியுங்கள்

2004இல் தொடங்கிய பிளிக்கர் போன்ற படப் பகிர்வுத் தளங்களில், ஒவ்வொரு படத்தின் கீழும் அனுமதி பற்றிய குறிப்பு இருக்கும். "எல்லா உரிமைகளும் உடையவருக்கே" என்றிருந்தால் கேட்டே ஆக வேண்டும். சில படங்களில் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற அனுமதி இருக்கும். இது 2002இல் அறிமுகமானது. இதிலும் வகைகள் உண்டு. ஒரு வகையில் எடுத்தவரின் பெயரைப் போட்டால் போதும். ஒரு வகையில் படத்தை மாற்றியமைக்கக் கூடாது. இன்னொரு வகை வியாபார நோக்கத்துக்கு உதவாது. நமது துண்டுப்பிரசுரம், கலண்டர், பொதி எல்லாம் வியாபாரம்தான். ஆகவே இந்தக் கடைசி வகைப் படங்களை, தனியாக அனுமதி பெறாமல் தொட வேண்டாம்.

படத்தில் இருப்பவரையும் மறக்காதீர்கள்

2007இல் வேர்ஜின் மொபைல் நிறுவனம் அவுஸ்திரேலியாவில் ஒரு விளம்பரம் செய்தது. பிளிக்கரிலிருந்து எடுத்த, அமெரிக்கப் பாடசாலை மாணவி ஒருவரின் படம் அதில் இருந்தது. எடுத்தவரின் பெயரைப் போட்டால் வியாபாரத்துக்கும் பாவிக்கலாம் என்ற அனுமதி அந்தப் படத்துக்கு இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. கேலியான வாசகத்தோடு தன் முகத்தைக் கண்ட அவரது குடும்பம் டெக்சாஸில் வழக்குத் தொடர்ந்தது. அவுஸ்திரேலிய நிறுவனத்தை விசாரிக்க அங்குள்ள நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் இல்லையென 2009இல் வழக்குத் தள்ளுபடியானது. வழக்குப் போனாலும் நிறுவனத்தின் பெயர் உலகமெல்லாம் அடிபட்டது. எடுத்தவரின் அனுமதி வேறு, படத்தில் இருப்பவரின் சம்மதம் வேறு. குறிப்பாகப் பெண்கள், பிள்ளைகள் உள்ள படங்களில் இதைக் கவனியுங்கள்.

எப்படிக் கேட்பது?

தளத்தின் ஊடாகவே உரியவருக்குச் செய்தி அனுப்பலாம். நீளமாக எழுதத் தேவையில்லை. பின்வருவன இருந்தால் போதும்:

1. நீங்கள் யார், உங்கள் வியாபாரம் என்ன.
2. எந்தப் படம் வேண்டும். அதன் இணைய முகவரியைக் கொடுங்கள்.
3. எதில் பாவிக்கப் போகிறீர்கள், எத்தனை பிரதிகள், எவ்வளவு காலத்துக்கு.
4. படத்தை வெட்டவோ எழுத்துச் சேர்க்கவோ போகிறீர்களா.
5. என்ன தருவீர்கள். பணமா, பெயர் போடுவதா, சில பிரதிகளா.
6. படம் அவரே எடுத்ததுதானா. அடுத்தவர் படத்தை ஏற்றி வைத்திருப்போரும் உண்டு.

பதில் வராவிட்டால் அது சம்மதமல்ல. வேறு படம் தேடுங்கள். பதில் வந்தால் அதை அச்சடித்துக் கோவையில் வையுங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் படமென்றால், எடுத்த திகதியோடு அந்தப் பக்கத்தையும் அச்சடித்து வையுங்கள். உடையவர் பின்னர் குறிப்பை மாற்றினாலும் உங்களிடம் அத்தாட்சி இருக்கும்.

கேட்பதில் இலாபமும் உண்டு. தளத்தில் காணும் 1024 புள்ளி அகலப் படத்தை நல்ல தரத்தில் அச்சடித்தால் மூன்றரை அங்குலம்கூட வராது. உடையவரிடம் கேட்டால் பெரிய மூலப் படத்தையே தருவார். அடுத்த வருடக் கலண்டருக்கு நான் அதே மனிதரிடம்தான் போனேன். நியாயமான விலைக்கு ஆறு படங்கள் தந்தார். மங்கலில்லாமல், தெளிவாக அச்சானது.

கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கேட்காமல் விட்டால், வருடக்கணக்காகச் சேர்த்த நற்பெயர் ஒரு கலண்டரோடு போய்விடும்.