லேபிளில் அந்தச் சொல்லை அடித்துவிட்டால்

சத்துமாவு, சிறுதானிய முறுக்கு, மூலிகை பானம் என்று ஆரோக்கிய உணவில் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் யோசிப்பது, பாக்கெட்டில் என்ன எழுதலாம் என்பதைத்தான். இந்தத் துறையைத் தொடர்ந்து கவனிப்பவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு. லேபிளிலிருந்து 'ஆரோக்கியம்' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அதன் பிறகும் அந்தப் பொருளை வாங்க ஒரு காரணம் மிஞ்சினால் தொழில் தொடங்கலாம். மிஞ்சாவிட்டால், உங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றின் மேல் முதலீடு செய்கிறீர்கள். ஓர் அரசு அறிவிப்பு போதும், அந்தச் சொல் போய்விடும்.

போனதைக் கண்ணால் பார்த்தோம். 2023 ஏப்ரலில், பாலில் கலக்கும் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைப் பற்றி, சமூக ஊடகத்தில் உணவு லேபிள்களை அலசும் ரேவந்த் ஹிமத்சிங்கா ஒரு வீடியோ வெளியிட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் அதை நீக்கிவிட்டார். ஆனால் விவகாரம் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வரை போயிற்று. அந்த ஆண்டின் கடைசியில் போர்ன்விட்டாவில் சேர்க்கப்படும் சர்க்கரை 100 கிராமுக்கு 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைந்தது. அதோடும் முடியவில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே கிடையாது என்று ஆணையம் சுட்டிக்காட்ட, 2024 ஏப்ரலில் அந்தத் தலைப்பிலிருந்து இத்தகைய பானங்களை எடுக்கும்படி ஆன்லைன் கடைகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. அதே மாதம் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் ஹார்லிக்ஸ் அடங்கிய தன் பிரிவின் பெயரிலிருந்து 'ஹெல்த்' என்பதை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் இதற்கு முன்பே பாடம் நடந்திருக்கிறது. ஆக்டிவியா தயிர் பற்றிய மிகைக் கூற்றுகளுக்காக டேனன் நிறுவனம் 2010-இல் 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் கட்டியது.

"அந்தச் சொல்லை வைத்துத்தானே இவர்கள் இத்தனை காலம் கோடிகோடியாகச் சம்பாதித்தார்கள்? பிரிவின் பெயர் மாறியும் ஹார்லிக்ஸ் விற்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. சொல்லை எடுத்த பிறகும் ஹார்லிக்ஸ் விற்கிறது என்றால், அதைத் தாங்கி நிற்பது அந்த மால்ட் ருசியும், தலைமுறை தலைமுறையாகப் பாலில் கலக்கிக் குடித்த பழக்கமும், பெட்டிக்கடை வரை போகும் விநியோகமும்தான். யாகுல்ட்டும் அப்படித்தான். ஜப்பானில் 1935-இல் விற்பனைக்கு வந்த பானம் அது. அதிலுள்ள ஷிரோட்டா பாக்டீரியா மேல் சுவாசப் பாதைத் தொற்றைத் தடுக்க உதவும் என்ற கூற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் கைவிரித்துவிட்டது. ஆனாலும் நிறுவனம் ஆட்டம் காணவில்லை. 1963-இல் அது ஏற்படுத்திய 'யாகுல்ட் லேடி' முறையில் வீட்டு வாசலுக்கே வந்து பாட்டில் கொடுத்து, நலம் விசாரித்துப் போகும் பெண்கள்தான் அதன் உண்மையான சொத்து. அந்த உறவை எந்த ஆணையமும் ரத்து செய்ய முடியாது. பெரிய நிறுவனம் சொல்லை இழந்தாலும் மற்ற சொத்துகளை வைத்துத் தப்பிக்கும். சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லாத சிறிய நிறுவனம் எதை வைத்துத் தப்பிக்கும்?

விளம்பரத்துக்குக் காசில்லாத சிறு தயாரிப்பாளருக்கு அந்த ஒரு சொல்தானே துணை என்பது அடுத்த வாதம். இதற்கு ஐடி ஃபிரெஷ் பதில் சொல்லும். 2005-இல் பெங்களூரில் 50 சதுர அடிச் சமையலறையில் இட்லி மாவோடு தொடங்கிய நிறுவனம். அது விற்றது நோய் தீரும் என்ற வாக்குறுதியை அல்ல. ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைக்கும் வேலையிலிருந்து விடுதலையை. அரிசி, உளுந்து, தண்ணீர், வெந்தயம் என்ற பட்டியலை மாவு அரைத்துப் பழகிய எவரும் படித்ததும் நம்புவார்கள். நம்பிக்கை வேண்டுமென்றால் கூற்றைப் பெரிதாக்க வேண்டியதில்லை. சரிபார்க்கக்கூடிய அளவுக்கு அதைச் சிறிதாக்கினால் போதும்.

சிறிதாக்குவது எப்படி என்பதை விதிமுறையே சொல்லிக்கொடுக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, 100 கிராமில் குறைந்தது 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் 'நார்ச்சத்து மிகுந்தது' என்று போடலாம். திட உணவில் சர்க்கரை 5 கிராமுக்கு மேல் போகாவிட்டால் 'சர்க்கரை குறைவு' எனலாம். வெல்லமோ தேனோ சேர்த்துவிட்டு 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட முடியாது. கம்பு லட்டு விற்பவர்கள் பலர் வழுக்குகிற இடம் இதுதான். 'நீரிழிவைக் குணப்படுத்தும்' என்று எழுதுவது தவறான விளம்பரம். 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பொருளைச் சோதியுங்கள், பிறகு லேபிளை எழுதுங்கள். சோதனைக்குக் கொடுப்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கில் பாக்கெட் அச்சடித்துவிட்டால், அறிக்கையில் நார்ச்சத்து 4 கிராம் என்று வந்தாலும் அச்சான கூற்றை விட மனம் வராது. அறிக்கை கைக்கு வரும்வரை வெற்று பாக்கெட்டில் பெயர், சேர்மானம், தேதி, உரிம எண் போன்ற கட்டாய விவரங்களை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டி விற்கலாம்.