யாரும் எழுதாத கடிதங்களுக்கு ஏன் பதில்?

கேள்வி: அண்மையில் அதிபர் பொறுப்பேற்றேன். பயிற்சி என்று அழைத்து, இல்லாத ஒரு பாடசாலையின் அதிபராக என்னை உட்காரவைத்து, யாரும் எழுதாத கடிதங்களுக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். சுற்றறிக்கைகளை விளக்கினால் போதாதா?
– வாசகர், பசறை

பதில்: உங்களைச் சலிக்கவைத்த அந்த 'இல்லாத பாடசாலை'யில்தான் சூட்சுமமே இருக்கிறது.

இது பாவனைப் பயிற்சி; அதாவது, நிஜம் போன்ற சூழலை அமைத்து அதில் முடிவெடுக்க வைப்பது. நீங்கள் செய்தது அதில் 'தபால் தட்டு' வகை: குவிந்த கடிதங்களைக் குறித்த நேரத்துக்குள் கையாள வேண்டும். சரியான விடையைப் பழக்கவே இது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கென்றால் சுற்றறிக்கையே போதும். ஆனால் எந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாது.

1950களில் அமெரிக்க விமானப்படைக்காக உருவான முறை இது. பிறகு ஹெம்ப்ஹில், கிரிஃபித்ஸ், ஃபிரெடரிக்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 232 ஆரம்பப் பாடசாலை அதிபர்களை 'விட்மன்' என்ற கற்பனைப் பாடசாலையில் அமர்த்தினார்கள். ஆய்வு 1962இல் நூலாயிற்று. பாடசாலையும் ஒன்று, கடிதங்களும் ஒன்று. ஆகவே பதில்கள் வேறுபட்டால் காரணம் அதிபர்தான். சிலர் சட்டென்று முடித்துவிடுவார்கள். சிலர் விசாரித்து, தகவல் திரட்டியே பேனாவைத் தொடுவார்கள். நம் பழக்கம் நமக்கே தெரிவது இப்படித்தான்.

உங்கள் ஊருக்கு ஒரு தட்டு வைத்துப் பார்ப்போம். ஒக்டோபர் மழை. மேலே வலயக் கல்வி அலுவலகத்தின் 'இன்றே பதில் தேவை'. வாசலில், கொழுந்து பறிக்கப் போகாமல் வந்து நிற்கும் ஒரு தாய். அடியில் ஓர் ஆசிரியர் மடித்து வைத்த துண்டுத்தாள்: பின்சுவரில் புது வெடிப்பு, 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டிவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முதல்கட்ட மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும் அளவு அது. ஆனால் கை வலயக் கடிதத்துக்குத்தான் நீளும்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தவில் அப்படியொரு மண்சரிவில்தான் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பிவர வீடு இல்லை. அயல் பாடசாலைகளே தங்குமிடங்களாயின. எந்தப் பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அப்படியொரு காலையில் முதன்முறையாக யோசிக்கும் நிலை எந்த அதிபருக்கும் வரக்கூடாது. ஒத்திகையில் தவறினால் ஒரு தாள்தான் வீணாகும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: எழுதி முடித்தபின், 'ஏன் இதை முதலில் எடுத்தீர்கள்?' என்று சக அதிபர்களோடு பேசவைத்தார்களா? மீளாய்வு எனப்படும் அந்தப் பேச்சில்தான் பாடம் இருக்கிறது. அது நடக்கவில்லை என்றால் உங்கள் சலிப்பு முழுக்க நியாயம். அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். கடிதங்களும் தோட்டப் பாடசாலைக்குரியவையாக இருக்கட்டும். உங்கள் பழைய கோப்பிலேயே, பெயர்களை மாற்றினால், பத்துக் கடிதம் தேறும்.