‘டிரா’: இழுப்பவர் யார்?

வங்கி அலுவலில் நாள்தோறும் புழங்கும் ஆங்கில வினைச்சொற்களுள் ‘டிரா’ என்பதும் ஒன்று. கோடு போடுவதற்கும் அச்சொல்லே. கிணற்றில் நீர் சேந்துவதற்கும் அச்சொல்லே. கணக்கிலிருந்து பணம் எடுப்பதற்கும் அச்சொல்லே. இத்தனை பொருள்கள் எவ்வாறு வந்தன என்று நோக்கினால், நம் பணத்தைக் காக்கும் பாடம் ஒன்றும் உடன் கிடைக்கிறது.

இச்சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் இழுத்தல். எழுதுகோலைத் தாள்மேல் இழுத்துச் செல்வதால் வரைதலுக்கும் அது பெயராயிற்று; நாமும் ‘கோடு இழுத்தான்’ என்கிறோம் அல்லவா? மேசையில் வெளியே இழுக்கும் அறை ‘டிராயர்’, தமிழில் இழுப்பறை. ‘டிராஃப்ட்’ என்பதும் இச்சொல்லின் கிளையே. அதனை நாம் எழுதும் பொருளில் ‘வரைவோலை’ ஆக்கிக்கொண்டோம்.

‘வித்டிரா’ என்றால் தன்பால் திரும்ப இழுத்தல். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழ் வாடிக்கையாளர்கள் இதற்குரிய மலையாளச் சொல்லை நன்கு அறிவர்: ‘பின்வலிக்கல்’. தமிழில் ‘வலி’ என்றதும் நோவே நினைவுக்கு வரும். ஆயினும் படகில் ‘தண்டு வலித்தல்’ என்னும் வழக்கில் இழுத்தல் என்ற பழம்பொருள் நம்மிடமும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் உட்பொருளை மலையாளம் அப்படியே காட்டுகிறது.

இனிக் காசோலைக்கு வருவோம். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 7ஆம் பிரிவில், காசோலை எழுதுபவரை ‘டிராயர்’ என்றும், பணம் தருமாறு பணிக்கப்படும் வங்கியை ‘டிராயீ’ என்றும் குறிக்கிறது. பணத்தைப் பெறுபவர் ‘பேயீ’. பணம் பெறுபவரே இழுப்பவர் என்று பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. கயிறு கையெழுத்திட்டவர் கையில் இருக்கிறது.

ஆதலால் பொறுப்பும் அவருடையதே. கடனைத் தீர்க்க அளித்த காசோலை பணம் போதாமையால் திரும்பினால், வங்கியின் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் பேயீ எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் டிராயர் பணம் செலுத்தத் தவறினால், 138ஆம் பிரிவின்படி வழக்குத் தொடரலாம். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வெற்றுக் காசோலையில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, ‘தொகையை நான் நிரப்பவில்லை’ என்று மட்டும் சொல்லித் தப்ப இயலாது என்பதை 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இன்று கையெழுத்தின் இடத்தில் யுபிஐ ரகசிய எண் நிற்கிறது. ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்பது மோசடிக்காரர்களின் வழக்கமான பேச்சு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அதனை அழுத்தினால் நம் கணக்கிலிருந்தே பணம் இழுக்கப்படும்.

எனவே ஒப்பமிடுமுன்னும் எண்ணை அழுத்துமுன்னும் ஒரு வினாவை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: எந்தக் கிணற்றிலிருந்து நீர் சேந்தப்படுகிறது? அது நம் கிணறாயின், தொகையையும் பெறுபவர் பெயரையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.