ஜிஐ ஜன்னலுக்கு வண்ணம் பூசுமுன்

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் வண்ணக் கலைஞருக்கு,

உருகிய துத்தநாகத்தில், ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், முக்கியெடுக்கப்பட்ட இரும்பே கடைகளில் ஜிஐ எனப்படுகிறது. அதனால் செய்த ஜன்னல் சட்டம் உள்ளே இரும்பாக இருந்தாலும், பிரைமர் தொடுவது துத்தநாகத்தை மட்டுமே. இதை மறந்து, சாதாரண இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடையே இதற்கும் அடித்து மேலே எனாமல் ஏற்றும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றியிருக்கிறது. இளம் கலைஞர் முதலில் கைவிட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

ரெட் ஆக்சைடும் எனாமலும் பெரும்பாலும் ஆல்கிட் என்ற எண்ணெய்ப் பிசினில் கலக்கப்படுபவை. ஈரம் படலத்தைத் தாண்டி உள்ளே இறங்கும்போது, துத்தநாகத்தின் மேல் உண்டாகும் காரப் பொருள்கள் அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு வினைபுரிந்து, துத்தநாக சோப்பு எனப்படும் பிடிப்பற்ற படிவமாக மாறுகின்றன. பூசிய சில மாதங்கள் வரை பளபளப்பாகவே இருக்கும் பெயிண்ட், பிறகு நகத்தால் நெம்பினால் நாடாவாக உரிந்து வருவதும், அதன் அடிப்பக்கம் வெளிறிய பொடி ஒட்டியிருப்பதும், அடியில் சட்டம் துருவேறாமல் பளிச்சென்று இருப்பதும் இதனால்தான். பூசியவரின் கைத்திறனைக் குறைசொல்லிப் பயனில்லை.

புதிய சட்டத்தில் இன்னொரு தடை உண்டு. கிடங்கில் வெள்ளைத் துரு பிடிக்காதிருக்க, சில ஆலைகள் முலாமின் மேல் எண்ணெயையோ குரோமேட் என்ற காப்பு உப்பையோ பூசி அனுப்புகின்றன. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை, இரண்டின் மேலும் பிரைமர் பிடிக்காது. மயில்துத்தத்தை 2 சதவீத அளவில் நீரில் கரைத்து, சட்டத்தின் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டும், பக்கத்தில் உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் ஒரு சொட்டும் வைத்தால், தேய்த்த இடம் உடனே கறுக்கும். தேய்க்காத இடமும் அதே வேகத்தில் கறுத்தால் தடை ஏதுமில்லை என்று கொள்ளலாம். கறுக்கத் தயங்கினால் சட்டம் முழுவதையும் சுத்தம் செய்து தேய்த்தாக வேண்டும். கறுத்த இடத்தைத் தேய்த்துக் கழுவிவிடுவதும் அவசியம், ஏனெனில் மயில்துத்தத்திலிருந்து அங்கே படிந்த செம்பு துத்தநாகத்தை அரிக்கும்.

மண்ணெண்ணெயில் துடைப்பது எண்ணெய்ப் பிசுக்கை இடம் மாற்றுமே தவிர நீக்காது. குளியலறை கழுவும் ஆசிட்டோ முலாமையே தின்றுவிட்டு, ஈரத்தை இழுக்கும் குளோரைடு உப்பை விட்டுச்செல்லும். சோப்புநீரால் கழுவி, நல்ல நீரில் அலசி, தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் விரிந்து ஓடுகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. கடலோர ஊர்களில் உப்புப் படிவம் போக இந்த அலசலைக் கூடுதலாகவே செய்ய வேண்டும். காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பில் முலாமின் சராசரிக் கனம் 70 மைக்ரான் அளவில்தான் இருக்கும் என்பதால், மின்விசையில் சுழலும் கம்பித் தூரிகையை அதன்மேல் வைக்கலாகாது. வெல்டிங்கில் முலாம் எரிந்துபோன மூலைகளுக்கு மட்டும் துத்தநாகத்தூள் செறிந்த பிரைமர் தேவை.

தேய்த்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். எட்ச் பிரைமர் என்பது அமிலத்தால் உலோகத்தை இலேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும் இருபொருள் கலவை. 10 மைக்ரான் அளவில், அடியிலுள்ள உலோகம் மங்கலாகத் தெரியும்படி மெல்லியதாகவே அதைப் பூச வேண்டும், தடித்தால் அந்தப் படலமே பிளந்து உரியும். அது எனாமலுக்கும் துத்தநாகத்துக்கும் நடுவே நின்று சோப்பு உண்டாகாமல் தடுக்கிறது. எபாக்சி பிரைமரை விரும்பினால், ஜிஐக்கு உகந்தது என்று டப்பாவில் குறித்திருப்பதை வாங்கித் தேய்த்த முலாமின் மேல் நேராகவே அடிக்கலாம். எட்ச் பிரைமரின் அமிலம் எபாக்சி இறுகுவதைக் கெடுக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளர் அனுமதித்தாலன்றி ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றலாகாது. கண்ணாடி அமரும் காடியில்தான் மழைநீர் தேங்குகிறது. ஆகவே கண்ணாடி பொருத்தி மக்கு வைக்குமுன்பே அந்தக் காடிக்குப் பிரைமர் ஏறிக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரரிடமும் கண்ணாடி போடுபவரிடமும் வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லிவைப்பது நல்லது.